குழு: திருமங்கலம் தாத்தா வீடு

சரோஜா பெரியம்மா: நேற்று கார்த்திக் வீட்டுக்குப் போய் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டும் தங்கம். ஆனால் நாலரை மாதம் ஆகிறது, இன்னும் தலை நிற்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இந்நேரம் குப்புற விழுந்துவிடும். டெஸ்ட் டியூப் குழந்தை என்றால் இப்படித்தானா? நிவி, நீ பச்சிளங்குழந்தை வார்டில் இருக்கிற டாக்டர், சொல்லும்மா. மனசு கேட்கவில்லை.

நிவேதா: பெரியம்மா, கவிதா அண்ணியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

கவிதா: பரவாயில்லை நிவி, அத்தை கேட்கட்டும். ராத்திரி பால் கொடுக்க எழுந்தால் எனக்கும் அதே யோசனைதான். நான் ஊசி போட்டுப் பெற்றதால்தான் இப்படியோ என்று.

நிவேதா: அப்படி நினைக்கவே வேண்டாம் அண்ணி. முதலில் மாதக் கணக்கைச் சரியாகப் போடுவோம். பிள்ளைகள் 34 வாரத்தில் பிறந்தவர்கள். நாள் கணக்குக்கு 6 வாரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அந்த 6 வாரத்தைக் கழித்தால் இப்போது அவர்களுக்கு மூன்று மாதம்தான். குறைமாதப் பிள்ளைகளின் வளர்ச்சியை இரண்டு வயது வரை நாங்கள் இப்படித்தான் பார்க்கிறோம். மூன்று மாதத்தில் தலை ஆடத்தான் செய்யும் பெரியம்மா. முகம் பார்த்துச் சிரிக்கிறார்களா? ஆள் நகர்ந்தால் கண் கூடவே போகிறதா?

கவிதா: இரண்டு பேரும் நன்றாகச் சிரிக்கிறார்கள். சின்னவள் ஃபேனைப் பார்த்து ஓயாமல் பேசுகிறாள். கண், காது பரிசோதனை இரண்டும் முடிந்தது, பயமில்லை என்றார்கள்.

நிவேதா: நல்லது. கை கால் விறைப்பாகவோ துவண்டோ இருந்தால், சத்தத்துக்குத் திரும்பவே இல்லை என்றால் உடனே காட்ட வேண்டும். அப்படி எதுவும் இல்லையே. தினமும் முழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். கழுத்து தானாக உரம் பெறும்.

முருகேசன் மாமா: அப்படியென்றால் ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் பிள்ளைக்கும் தானாகத் தரித்த பிள்ளைக்கும் வித்தியாசமே இல்லையா? உள்ளதைச் சொல்.

நிவேதா: கொஞ்சம் இருக்கிறது மாமா. ஒற்றைக் குழந்தையாக இருந்தாலும் ஐவிஎஃப்பில் குறைமாதப் பிரசவமும் 2.5 கிலோவுக்குக் கீழே பிறப்பதும் சற்று அதிகம். பிறவிக் குறைபாடு, இயல்பாகத் தரித்த 100 பிள்ளைகளில் சுமார் 3 பேருக்கு இருந்தால் இதில் 4 பேர் வரை. ஆனால் இதெல்லாம் சிகிச்சையால் மட்டும் வருவதில்லை. பெற்றோரின் வயது, இத்தனை வருடம் கரு நிற்காமல் போனதற்கான காரணம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. நார்வேயில் 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே அம்மாவுக்கு ஒரு பிள்ளை சிகிச்சையில், ஒரு பிள்ளை இயல்பாக. அப்படிப்பட்ட உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது எடை வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது.

எங்கள் வார்டில் நான் அதிகம் பார்ப்பது இரட்டையால் வரும் சிக்கலைத்தான். இரண்டு கரு வைத்தால் இரட்டை, இரட்டை என்றால் குறைமாதம், குறைமாதம் என்றால் இன்குபேட்டர். அண்ணியின் பிள்ளைகள் வார்டில் கிடந்ததும் அதனால்தான். இயல்பாக இரட்டை தரித்திருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

முருகேசன் மாமா: வளர்ந்த பிறகு? அவர்களுக்குப் பிள்ளை பிறக்குமா?

நிவேதா: உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தார். அவர் இயல்பாகவே கருத்தரித்து 2006-இல் மகனைப் பெற்றார். அதே 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் நம் நாட்டின் முதல் ஐவிஎஃப் குழந்தையைக் கொண்டுவந்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவே இல்லை. 1981-இல் அவர் உயிரை விட்டார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கும். அந்தக் குழந்தை நன்றாக வளர்ந்து ஆளாகிவிட்டார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு விந்தணு குறைவு என்று இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் நேராகக் கருமுட்டைக்குள் செலுத்துவது) செய்து பிறந்த ஆண் பிள்ளைக்கு அந்தக் குறை வரக்கூடும். அது அப்பாவிடமிருந்து வருவது.

சுரேஷ் (கோவை): நிவி, எங்களுக்கு அடுத்த மாதம் கரு வைக்கிறார்கள். உறைய வைத்த கரு. இரண்டு வைத்தால் ஒன்றாவது நிற்கும், செலவும் மிச்சம் என்கிறார்கள். என்ன செய்வது?

நிவேதா: சுரேஷ் அண்ணா, அண்ணிக்கு 31 வயது, கருவும் நல்ல தரம் என்று நீங்களே சொன்னீர்கள். ஒன்று போதும் என்று டாக்டரிடம் கேளுங்கள். மீதியை உறைநிலையிலேயே வைத்திருக்கலாம், அடுத்த முறைக்கு ஆகும். இரண்டு குறைமாதப் பிள்ளைகளை வார்டில் வைத்துப் பார்த்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். அப்புறம், உறைய வைத்த கருவில் பிறக்கும் பிள்ளை சில சமயம் எடை கூடுதலாக இருக்கும், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏற வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

சுரேஷ் (கோவை): சரிம்மா. வீட்டில் பேசிவிட்டு உனக்கு போன் போடுகிறேன்.

கார்த்திக்: நிவி, இன்னொன்று. வயதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்றால் தடுப்பூசியையும் தள்ளிப் போடலாமா? 14 வாரத்து ஊசி இன்னும் போடவில்லை. எடை ஏறட்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நிவேதா: ஐயோ, வேண்டாம் அண்ணா! வளர்ச்சிக்குத்தான் கழிக்க வேண்டும். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்குப்படிதான். குறைமாதப் பிள்ளைக்குக் கக்குவான் வந்தால் தாங்காது. வருகிற புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

சரோஜா பெரியம்மா: நானும் வருகிறேன் கவிதா. ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொள்வோம். எத்தனை மணிக்கு?

நிவேதா: காலையிலேயே போய்விடுங்கள் பெரியம்மா. தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் மருந்து எத்தனை சொட்டு என்று இருவரின் எடையையும் போட்டு நர்ஸிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணி.