கீழ் விலா வலி: கடலூர், புதுச்சேரியில் யாரிடம் காட்டலாம்?

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு வலது பக்கக் கீழ் விலாவில் பல மாதங்களாக வலி. குனிந்து குடத்தைத் தூக்கினாலும், படுக்கையில் புரண்டாலும் சுருக்கென்று குத்துகிறது. சில நேரம் உள்ளே ‘டக்’கென்று ஏதோ நழுவுகிறதாம். முதலில் வாயுப்பிடிப்பு என்று சுக்குக் கஷாயம், தைலம். பித்தப்பைக் கல்லோ என்று ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயும் சரியாகவே இருக்கிறது.

படித்துப் பார்த்ததில், விலா நழுவலாக இருக்குமோ என்று தோன்றுகிறது. 8, 9, 10-ஆம் விலா எலும்புகள் நெஞ்செலும்போடு நேராகச் சேர்வதில்லை. குருத்தெலும்பு வழியாக மேல் விலாவைப் பிடித்து நிற்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் நுனி நழுவி நரம்பை உரசும். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாது. விலா விளிம்புக்கு அடியில் மருத்துவர் விரலை மடக்கி இழுத்துப் பார்க்கும் சோதனையும், உடம்பை அசைக்கச் சொல்லி எடுக்கும் அல்ட்ராசவுண்டும்தான் உதவுமாம். காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் (விலாக் குருத்தெலும்பு அழற்சி) என்றால் பெரும்பாலும் 2 முதல் 5 வரையுள்ள விலாக்களில், நெஞ்செலும்பு ஓரமாக வலிக்கும். அதைப் போன்ற டீட்ஸே நோய் என்றால் அங்கே வீக்கமும் இருக்கும். இவளுக்கு வலி அதற்கெல்லாம் கீழே. அக்கிக் கொப்புளமும் வரவில்லை. காய்ச்சல், மூச்சுத்திணறல், எடை குறைவு இல்லாதது ஒரு ஆறுதல்.

ஜிப்மரில் முதலில் எந்தப் பிரிவில் காட்டுவது: எலும்பா, வலி சிகிச்சையா? அந்த அசைவு அல்ட்ராசவுண்டைப் புதுச்சேரியில் எங்கே எடுக்கிறார்கள்? விலா நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டவர்கள் இருந்தால், எவ்வளவு காலம் வலி அடங்கியது என்று சொல்லுங்கள். கைக்குழந்தையைத் தூக்க முடியாமல் அழுகிறாள், தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள்.