இத்தாலியில் பாரம்பரியம், சுற்றுலா மேலாண்மையில் பி.எச்டி.: புதிதாக வந்தவர்களுக்கு

வீட்டுக்காரர் வேலைக்காகத் தோரினோ வந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "எம்.ஏ. சுற்றுலா மேலாண்மை முடித்தேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. இங்கே பி.எச்டி. கிடைக்குமா அண்ணா?" கிடைக்கும்மா. இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று பதிலை இங்கேயே போடுகிறேன்.

இங்கே பி.எச்டி. சேர்க்கை கிட்டத்தட்ட நம்மூர் டி.என்.பி.எஸ்.சி. மாதிரி. 'பாந்தோ' என்று ஓர் அறிவிக்கை வரும், பெரும்பாலும் வசந்தத்துக்கும் கோடைக்கும் நடுவில். சான்றிதழுக்கு இத்தனை மார்க், ஆய்வுத் திட்டத்துக்கு இத்தனை, நேர்காணலுக்கு இத்தனை என்று எல்லாம் அதிலேயே இருக்கும். பேராசிரியர் மெயிலில் "நல்ல யோசனை" என்று பதில் போட்டார் என்பதற்காக சீட் உறுதி என்று இருந்துவிடாதீர்கள். முடிவெடுப்பது தேர்வுக் குழு. கடைசித் தேதியோடு மணியையும் பாருங்கள். என் முதல் விண்ணப்பம் கோட்டைவிட்டது அதில்தான். இரவு 12 மணி வரை இருக்கிறது என்று நம்பி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்தேன். 1 மணிக்கே போர்ட்டலை மூடியிருந்தார்கள். ஒரு வருஷம் போச்சு.

அடுத்தது 'போர்சா', அதாவது உதவித்தொகை. தரவரிசையில் முன்னால் இருப்பவர்களுக்குத்தான் அது. பின்னால் இருப்பவர்களுக்குச் சில இடங்களில் 'சென்சா போர்சா' என்று வரும்: சீட் உண்டு, காசு இல்லை. தேர்வாகிவிட்டோம் என்று வீட்டுக்கு போன் போடும் முன் இந்த இரண்டு வார்த்தையைத் தேடுங்கள். போர்சா 2022 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 16,243 யூரோ. வருமான வரி இல்லை. ஓய்வூதியப் பிடித்தம் போக மாதம் 1,200 யூரோ மாதிரி கைக்கு வரும். ஆய்வுக்காக வெளிநாட்டில் இருக்கும் மாதங்களுக்கு 50% கூடுதல். மிலானோவில் தனி அறை எடுத்தால் இது பற்றாது. சிறிய ஊர் என்றால் சமாளிக்கலாம். லூக்காவில் இருக்கும் ஐ.எம்.டி. என்ற உயர்கல்வி நிறுவனத்தைப் பாருங்கள். பாரம்பரியச் சின்னங்களின் பகுப்பாய்வும் மேலாண்மையும் என்றே ஒரு முனைவர் பிரிவு நடத்தியவர்கள், பாடமும் ஆங்கிலத்தில்தான். நூலகம் வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்துக்குள் இருக்கிறது. இந்தத் துறைக்காரருக்கு அதுவே ஒரு பாடம்.

ஆய்வுத் திட்டத்தில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். "நிலைத்த சுற்றுலா" என்று தலைப்பு வைப்பார்கள், அடுத்த வரியிலேயே மாமல்லபுரத்தை வெனிஸோடு ஒப்பிடுவார்கள். வேண்டாம். ஓர் ஊர், ஒரு கேள்வி. வெனிஸையே எடுங்கள். 2024-இல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 29 நாள் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். 2025-இல் அது 54 நாளாயிற்று; தாமதமாகப் பதிகிறவர்களுக்கு 10 யூரோ. தீவு நகரத்தில் குடியிருப்போர் 50,000-க்கும் கீழே. கட்டணம் கூட்டத்தைக் குறைத்ததா, கணக்கெடுக்க மட்டும் உதவியதா? இந்த அளவுக்குக் குறுக்கினால் மூன்று வருஷத்தில் முடிக்கலாம்.

என் ஆசையைக் கேட்டால் பலேர்மோ என்பேன். அங்கே மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குகையில் புனித ரொசாலியாவின் கோயில். 1624 கொள்ளைநோயில் ஊரைக் காத்தவர் என்று பலேர்மோ கொண்டாடும் புனிதை. குகைக் கூரையில் கசியும் நீரைத் தகரக் கால்வாய்கள் வைத்துப் பிடிக்கிறார்கள். அந்த மலைக்கு பலேர்மோவில் வாழும் ஈழத்தமிழர்கள், அவர்களில் சைவர்களும், நேர்த்திக்கடனோடு ஏறிப் போகிறார்கள். அவர்கள் யாத்திரிகரா, உள்ளூர்க்காரரா? சுற்றுலாத் துறை அவர்களை எந்தக் கட்டத்தில் போட்டு எண்ணும்? இதைத் தமிழ் தெரிந்த ஒருவர் ஆராய்ந்தால் குழு நிமிர்ந்து உட்காரும். ஆனால் களத்துக்கு இத்தாலியன் வேண்டும். சி.பி.ஐ.ஏ. என்ற, வயதுவந்தோருக்கான அரசுப் பள்ளியில் கிட்டத்தட்டச் செலவில்லாமல் படிக்கலாம். இன்றே பெயர் கொடுங்கள்.

தகுதி: இளங்கலை மட்டும் போதாது, முதுகலை வேண்டும். இலங்கையில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நிற்பவர்கள் இதைக் கவனியுங்கள். பட்டத்துக்கு, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் சிமேயா மையத்தின் ஒப்பீட்டுச் சான்று கேட்பார்கள். வாரக்கணக்கில் இழுக்கும், பாந்தோ வரும் முன்பே போட்டுவிடுங்கள்.

தங்கைக்கு: குடும்ப அனுமதியிலேயே படிக்கலாம், புது விசா வேண்டாம். ஊரிலிருந்து படிப்பு விசாவில் வருகிறவர்கள் மட்டும், இறங்கிய 8 வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் பெர்மெஸ்ஸோ (தங்கும் அனுமதி) விண்ணப்பக் கிட்டை வாங்கி நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் ஒட்ட 16 யூரோ வருவாய் முத்திரை (ரெவின்யூ ஸ்டாம்ப்) வேண்டும். அது 'டி' பலகை போட்ட புகையிலைக் கடையில் கிடைக்கும். சின்ன ஊர்களில் மத்தியானம் கடையைச் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.