காரை படம் எடுக்கப் போய் தனுஷ்கோடி மணல்ல மாட்டுனதும், அப்புறம் கிடைச்ச அந்த ஒரு படமும்

வணக்கம் நண்பர்களே. வண்டி போட்டோ நல்லா வரணும்னா எந்த கேமரா வாங்கலாம்னு நிறைய பேர் கேக்குறீங்க. எனக்கு நடந்ததை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. உங்களுக்கும் இப்படி எதாவது நடந்திருந்தா கீழ போடுங்க.

நான் ராமநாதபுரம். எங்க வீட்டுக்கு வந்த முதல் கார் செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட், கருநீலம். அப்பா இருபத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க லாரிய ஓட்டுனவரு, சொந்த வண்டின்னு ஒண்ணு வாசல்ல நின்னதே அவருக்கு அறுபது வயசு ஆனப்போ தான். அதை நல்லா ஒரு படம் எடுத்து பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. கையில இருந்தது சட்டைப்பையில போடுற சைஸ்ல பழைய கேனான், 12 மெகாபிக்சல், அவ்வளவு தான்.

மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பி தனுஷ்கோடி ரோடு முடியிற அரிச்சல்முனை போய் சேரும்போது மணி பன்னெண்டரை. 2017ல ரோடு திறந்ததுக்கப்புறம் முனை வரைக்கும் கார்லயே போயிடலாம்ல, அதனால டூரிஸ்ட் வேன், ஐஸ் வண்டி, குடைன்னு ஒரே கூட்டம். நூறு படத்துக்கு மேல எடுத்தேன். கூரையும் பானட்டும் வெளிறிப் போயி கதவுக்கு கீழ கரி பூசுன மாதிரி இருட்டு. பக்கத்துல நின்னு எடுத்ததால மூஞ்சி உப்பி பின்பக்கம் சூம்பிப் போயிருச்சு. கதவுல பாத்தா நானு, எனக்குப் பின்னாடி ஒரு வேன், அந்த வேன் மேல கட்டுன தார்ப்பாய் வரைக்கும் தெரியுது.

சரி கூட்டம் இல்லாத இடமா பாப்போம்னு திரும்பி வர்ற வழியில, பின்னாடி கடல் மட்டும் தெரியணும்னு ரோட்ட விட்டு ஒரு பத்தடி மணல்ல இறக்கிட்டேன். இறக்குனது தான் தெரியும், முன் சக்கரம் ரெண்டும் பாதி உள்ள போயிருச்சு. நான் பயத்துல ஆக்ஸிலேட்டர மிதிக்க மிதிக்க இன்னும் புதையுது. வலை காயப்போட்டுக்கிட்டு இருந்த அண்ணன்மாரு நாலு பேரு ஓடி வந்தாங்க. அதுல பெரியவரு ஒருத்தரு, "முறுக்காதப்பா, முறுக்குனா வண்டி தன்னால குழி தோண்டும், இறங்கி காத்த பிடுங்கு"ன்னாரு. டயர்ல 33 இருந்த காத்தை பாதியா குறைச்சோம். சக்கரத்துக்கு முன்னாடி இருந்த மணலை கையாலயே அள்ளிட்டு பனமட்டைய அடியில சொருகி, ரெண்டாவது கியர்ல மெதுவா நான் கிளட்ச விட, அவங்க நாலு பேரும் தள்ள, ஏறிருச்சு. காசு குடுத்தேன், வாங்கல, டீ மட்டும் குடிச்சாங்க. அந்த பெரியவரு தான் சொன்னாரு, "வண்டி தார்லயே நிக்கட்டும் தம்பி, நீ மணல்ல இறங்கி பின்னால போ. விடியக்காலம் வா, காத்து எந்திரிக்கும் முன்ன பெண்கடல் பக்கம் குளமாட்டம் கிடக்கும்". அங்கிட்டு வடக்க இருக்கறத பெண்கடல்னும் தெக்க அலையடிக்கறத ஆண்கடல்னும் தான் சொல்லுவாங்க. காத்து குறைஞ்ச டயரோட ராமேஸ்வரம் வரைக்கும் உருட்டிக்கிட்டே போய் காத்து அடிச்சுட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அந்த படத்தையெல்லாம் எங்க ஊர்ல கல்யாண போட்டோ எடுக்கிற ஸ்டுடியோ அண்ணன்கிட்ட காட்டி, கேமராவ மாத்தணுமாண்ணேன்னு கேட்டேன். அவரு என்னைய ஒரு கேள்வி கேட்டாரு, "குத்துவிளக்க படம் எடுத்திருக்கியாப்பா?" நகைக்கடைக்கு வெள்ளி சாமான் எடுத்துக் குடுத்த ஆளு அவரு. வெள்ளிச் சொம்புக்கு நேரா லைட் அடிச்சா ஒரு வெள்ளைப் பொட்டும் போட்டோகாரன் மூஞ்சியும் தான் வருமாம். அதனால சுத்தி வெள்ளைத் துணிய கட்டி, அந்த துணியோட பிம்பம் சொம்புல விழற மாதிரி வச்சு எடுப்பாங்களாம். "காரும் பெரிய சொம்பு தான். நீ எடுக்கறது வண்டிய இல்ல, வண்டி மேல என்ன விழுதோ அத. அதுக்கு துணி கட்ட முடியாது, வானத்த தான் துணியா வச்சுக்கணும்". எனக்கு அப்ப தான் மண்டையில ஏறுச்சு. அதுவரைக்கும் நான் வண்டியவே பாத்துக்கிட்டு இருந்தேன், அதுக்கு எதுக்க என்ன இருக்குன்னு ஒரு தடவை கூட திரும்பிப் பாக்கல.

பங்குனில மறுபடி போனேன், அப்பாவ கூப்பிடல, தம்பிய மட்டும் கூட்டிக்கிட்டு. முந்தின நாள் சாயங்காலமே வண்டிய கழுவி, டயர ஈரத்துணியால தொடைச்சு, டேஷ்போர்டுல கிடந்த சாமி படம் பில்லு சார்ஜர் எல்லாத்தையும் எடுத்தாச்சு. செக்போஸ்ட்ல விட்டதும் முதல் வண்டி எங்களோடது தான். 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் பக்கம் நிப்பாட்டலாம்னு தம்பி சொன்னான், எனக்கு மனசு வரல, அத்தனை பேர் செத்த இடத்த வண்டிக்கு பின்னணியா வைக்கிறது சரியா படல, தாண்டிப் போயிட்டோம்.

முனையப் பாத்து போற ரோட்டுல இடது ஓரமா நிப்பாட்டுனேன். சூரியன் இன்னும் வெளிய வரல, கிழக்கு வானம் முழுக்க ஒரே வெளிச்சம், ஆனா எங்கயும் நிழல் விழல. நான் வடக்கால மணல்ல இறங்கி, வண்டிக்கு முன்பக்கம் இடது மூலைய பாக்குற மாதிரி ஒரு இருபது இருபத்தஞ்சு எட்டு எடுத்து வச்சு பின்னால போய் ஜூம் பண்ணேன். மூஞ்சி உப்புறது லென்ஸ் கோளாறு இல்லைங்க, கிட்ட நிக்கிற கோளாறு. தள்ளி நின்னு ஜூம் பண்ணா வண்டி கண்ணுக்கு தெரியிற அளவுல வரும், போன்ல எடுக்கிறவங்களும் சும்மா எடுக்காம 2எக்ஸ் 3எக்ஸ் போட்டு பின்னால போங்க. தம்பிய ஸ்டீயரிங்க வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னேன். நாம இடப்பக்கம் நிக்கிறோம்னா சக்கரம் வலப்பக்கம் திரும்பணும், அப்ப தான் டயரோட பட்டை தெரியாம அலாய் வீல் முகம் காட்டும், இத பலபேரு தலைகீழா பண்றாங்க.

நின்னுக்கிட்டு எடுத்தா கடல் கோடு கரெக்டா கூரைய அறுக்குது, கயித்தால கட்டுன மாதிரி. முட்டி போட்டேன், கேமரா ஹெட்லைட் உயரத்துக்கு வந்துச்சு, அந்த கோடு கண்ணாடிக்கு கீழ இறங்கி கூரை மட்டும் வானத்துல தனியா நின்னுச்சு. முன் கண்ணாடியில மட்டும் வானம் விழுந்து பால் மாதிரி தெரிஞ்சுது. அதுக்கு போலரைசர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, என் கேமராவுல மாட்ட இடமில்ல, தம்பியோட கூலிங் கிளாஸ் போலரைஸ்டு, அத லென்ஸுக்கு முன்னாடி பிடிச்சு மெதுவா சுத்துனா ஒரு இடத்துல அந்த பால் அப்படியே விலகி உள்ள சீட்டு தெரியுது. எல்லா கூலிங் கிளாஸும் ஆகாது, போலரைஸ்டா இருக்கணும்.

அப்புறம் தான் அது நடந்துச்சு. ஹெட்லைட் மூலையில ஆரம்பிச்சு கதவு மேல ஓடி பின் விளக்கு வரைக்கும் ஒரே ஒரு வெளிச்சக் கோடு, விரல் அகலம் தான் இருக்கும், அதுக்கு மேல ஆரஞ்சு, கீழ போகப் போக கருநீலம். வண்டிய செஞ்சவன் கதவுத் தகரத்துல அந்த மடிப்ப எதுக்கு வச்சான்னு அன்னைக்கு தான் புரிஞ்சுது. பத்து நிமிஷம் இருந்திருக்கும். சூரியன் மேல வந்ததும் அந்த கோடு போயி பானட்டுல வெள்ளைப் பொட்டு விழுந்துருச்சு. நம்ம பக்கம் வெயில் சட்டுனு ஏறிரும், எட்டு மணிக்கெல்லாம் கேமராவ உள்ள வச்சுரலாம். 140 படத்துல ஒண்ணு தேறுச்சு, எனக்கு அது போதும்.

•

மறுமொழி, கீழக்கரையில இருந்து:

நல்லா எழுதியிருக்கீங்க. கருப்பு நீலம்னா ஒரு பாடு, வெள்ளை வண்டின்னா வேற பாடு. எங்க காக்கா (அண்ணன்) சவுதியில இருந்து லீவுல வந்தப்போ வெள்ளை க்ரெட்டா எடுத்தாங்க, வாலிநோக்கம் உப்பளம் பக்கம் கொண்டு போய் எடுத்துக் குடுடான்னாங்க. வெள்ளை வண்டி, பின்னாடி வெள்ளை உப்புக் குவியல், படத்த பாத்தா எல்லாமே சாம்பல் கலர்ல அழுக்கா இருக்கு. கேமராவுக்கு முன்னாடி இருக்கறது எல்லாம் நடுத்தரமான வெளிச்சம்னு அது நெனச்சுக்கிட்டு தானா இருட்டாக்கிருது. எக்ஸ்போஷர, அதாவது படத்தோட வெளிச்ச அளவ, ப்ளஸ் ஒண்ணு வச்சதும் உப்பு உப்பா தெரிஞ்சுது. போன்னா வண்டிய தொட்டு அந்த சூரியன் குறிய மேல தள்ளணும். கருப்பு வண்டிக்கு இதே திருப்பி, கீழ இறக்கணும்.

பாத்தித் தண்ணியில வண்டி நிழல் விழும்னு நான் வரப்பு ஓரமா இறங்கப் போனேன், அங்க வேலை பாத்த ஒரு அம்மா சத்தம் போட்டாங்க, "கால வைக்காதப்பா, கலங்கிரும், உப்பு கருத்துப் போவும்". அவங்க பொழப்பு அது. அங்க போறவங்க சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு போங்க, வரப்பு மேல வண்டிய ஏத்தாதீங்க.

•

மறுமொழி, மண்டபத்தில் இருந்து:

பாம்பன் ரோட்டுப் பாலத்து மேல நிப்பாட்டி எடுக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், தயவுசெஞ்சு வேணாம். 2025ல பக்கத்துல ரயிலுக்கு புது தூக்கு பாலம் திறந்ததுல இருந்து ஆளாளுக்கு நடுப்பாலத்துல பிரேக் போடுறாங்க, பின்னாடி பஸ் வர்றது கூட பாக்கறதில்ல. எங்க தெருப் பையன் ஒருத்தன் அப்படி இறங்குனப்போ மயிரிழையில தப்பிச்சான். அதே மாதிரி உச்சிப்புளி கடற்படை விமானதளம் பக்கம் கேமராவ வெளிய எடுக்காதீங்க.

நான் பண்ண தப்பு வேற. பாலத்துக்கு கீழ கரையில நின்னு எங்க வீட்டு வேகன்ஆர எடுத்துக்கிட்டு இருந்தேன், கச்சான் காத்து நல்லா அடிச்ச நாளு, படம் எல்லாம் பனி மூட்டம் மாதிரி வருது. பாத்தா லென்ஸ்ல உப்புச் சாரல். துப்பட்டாவால தொடைச்சேன், அதுல ஒட்டியிருந்த மணல் லென்ஸ்ல ரெண்டு கோடு போட்டுருச்சு. அந்த கோடு இன்னும் இருக்கு, வெளிச்சத்துக்கு எதுக்க எடுத்தா தெரியும். இப்பல்லாம் முதல்ல ஊதுற பம்பால மணல தட்டிட்டு, நல்ல தண்ணியில நனைச்ச துணிய ஒத்தி எடுத்துட்டு, அப்புறம் தான் தொடைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் வண்டி அடிப்பக்கமும் நல்ல தண்ணி அடிச்சு கழுவிருங்க, உப்பு விடாது.

•

மறுமொழி, ஈ.சி.ஆர். ஓரத்துக்காரர்:

விடியக்காலம் எந்திரிக்க முடியாதவங்களுக்கு, சூரியன் மறைஞ்சு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு எடுங்க. தனுஷ்கோடியில இருட்டுறதுக்குள்ள வெளிய அனுப்பிருவாங்க, அரியமான் கடற்கரை பக்கம் போங்க. ஹெட்லைட் வேணாம், பார்க்கிங் லைட் மட்டும். ஃபிளாஷ ஆஃப் பண்ணிருங்க. ட்ரைபாட் இல்லன்னா ஒரு கிலோ அரிசிப் பைய கல்லு மேல வச்சு அதுல கேமராவ பதிச்சு ரெண்டு செகண்ட் டைமர் போடுங்க, ஆடாது. அண்ணே, படத்த பாத்துட்டு அப்பா என்ன சொன்னாங்க, அத எழுதாம விட்டுட்டீங்களே?

•

மறுமொழி, எழுதினவரே:

எல்லாருக்கும் நன்றி. துப்பட்டா விஷயம் படிச்சதும் போய் என் லென்ஸ பாத்துட்டு வந்தேன்.

ஸ்டுடியோ அண்ணனே 12க்கு 18 சைஸ்ல பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிக் குடுத்தாரு. அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு கிட்ட போய் ரொம்ப நேரம் பாத்தாரு, ஒண்ணும் பேசல. அப்புறம் முன் சக்கரத்து மேல விரல வச்சு, "ஏன்ப்பா இப்படி ஒடிச்சு வச்சு நிப்பாட்டியிருக்கீங்க? சக்கரத்த நேராக்காம இறங்கலாமா, கிளப்பும்போது வண்டி எங்கிட்டு போகும்?"னு கேட்டாரு. இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் கூட அவரு அப்படி இறங்கினதில்லையாம். படத்துக்காக ஒடிச்சதுன்னு சொன்னேன், சமாதானம் ஆகல. ஆனா வீட்டுக்கு யாரு வந்தாலும் முதல்ல அங்க தான் கூட்டிக்கிட்டு போறாரு.

சக்கரம் நேரா இருக்கிற மாதிரி பக்கவாட்டுல இன்னொண்ணு எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கேன், இந்த தடவை அவரையும் கூட்டிக்கிட்டு. ஆடிக் காத்து அடங்கட்டும்னு இருக்கேன்.