மறு: கணப்புக்கு முன்னால் நீட்டும் கல்லுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள்)

காட்பாடியிலிருந்து:
அவசரம். ஏலகிரியில் நண்பர் வீட்டில் ஃபயர்பிளேஸ், அதாவது குளிர்காயும் கணப்பு, கட்டியாகிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் மகன் படத்தைப் பார்த்துவிட்டு, 'ஹார்த் எக்ஸ்டென்ஷன் (முன்னால் நீட்டும் கல்) போதாது' என்று அந்த ஊர்க் கட்டட விதியை அனுப்பியிருக்கிறார். நெருப்பு வாயின் பரப்பு 6 சதுர அடிக்குள் இருந்தால் முன்னால் 16 அங்குலம், பக்கத்துக்கு 8 அங்குலம் எரியாத தளம் வேண்டும். 6 சதுர அடியும் அதற்கு மேலும் என்றால் 20, 12. இங்கே வாய் 3 அடி அகலம், 2 அடி 4 அங்குல உயரம். ஆக 7 சதுர அடி. கடப்பைக் கல்லோ 12 அங்குலத்தில் நின்றுவிட்டது, ஒட்டினாற்போல் தேக்குப் பலகை. மேஸ்திரிக்குத் தமிழில் எழுதித்தர வேண்டும். இதற்கும், நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவே விட வேண்டிய 'கிளியரன்ஸ்'க்கும் சொல் தாருங்கள்.

ஆரணியிலிருந்து:
புதிதாகத் தேடுவானேன்? நெடுநல்வாடையில் குளிர்காயும் 'பகுவாய்த் தடவு' இருக்கிறதே. அதன் முன்னிடம் 'தடவு முன்றில்'. இல்முன் என்பது முன்றில் ஆனது இலக்கணப் போலி என்பது எல்லோருக்கும் தெரியும்.

ராணிப்பேட்டையிலிருந்து:
ஐயா, 'தடவு' என்று எழுதினால் மேஸ்திரி சிமெண்டைத் தடவிவிட்டுப் போய்விடுவார். மேலும் தடவு தூக்கி வைக்கிற சட்டி, இது சுவரோடு கட்டியது. 'கணப்பு முன்தளம்' போதும். எக்ஸ்டென்ஷனுக்கு 'நீட்டிப்பு' வேண்டாம், அது பதவிக்கும் கெடு தேதிக்கும் ஆகிவந்த சொல்.

ஆரணியிலிருந்து:
கணப்பு என்பதே ஆராய வேண்டியது. கனல், கனலி எல்லாம் றன்னகரம், இது மட்டும் ஏன் டண்ணகரம்? காய்ச்சலில் உடம்பு 'கணகண' என்கிறதே, அங்கே வேர் இருக்கிறது என்பது என் துணிபு. தனி மடலில் விரிக்கிறேன்.

வாணியம்பாடியிலிருந்து:
விரியுங்கள் ஐயா, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். சாமி 1981-லேயே திரும்பிவிட்டார், அந்த இடத்துக்குக் குளிரில்லாக் கணப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

காட்பாடியிலிருந்து:
ஏலகிரி மலைமேல், அண்ணா. 14 கொண்டை ஊசி ஏறிப் பாருங்கள், மார்கழியில் பல் தந்தியடிக்கும்.

குடியாத்தத்திலிருந்து:
அடுப்பங்கரை என்கிறோம். அடுப்பு + அம் + கரை, புளியங்காயில் வரும் அதே அம் சாரியை. அதே வாய்பாட்டில் 'கணப்பங்கரை'. ஆற்றுக்குக் கரை போல நெருப்புக்குக் கரை. எங்கள் பாட்டி, 'கரையில குச்சி வைக்காதே'ன்னு விறகை ஒரு முழம் தள்ளி வைப்பார். அந்த ஒரு முழம்தான் உங்கள் 'கிளியரன்ஸ்'.

ராணிப்பேட்டையிலிருந்து:
அம்மா, அழகாக இருக்கிறது. ஆனால் இன்று அடுப்பங்கரை என்றால் சமையலறை முழுக்க அல்லவா? கணப்பங்கரையை ஓர் அறை என்று நினைப்பார்கள்.

ஆரணியிலிருந்து:
கிளியரன்ஸ்: 'விலக்குத் தொலைவு'.

வாணியம்பாடியிலிருந்து:
வரிவிலக்கு, மதுவிலக்கு என்று கேட்டுப் பழகிய மேஸ்திரி, இந்த வீட்டுக்கு விதியே விலக்கு என்று எடுத்துக்கொள்வார். 'மரம் தள்ளி நிற்க வேண்டிய தூரம்' என்று நீட்டியே எழுதுங்கள், தப்பில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:
சொல் எதுவானாலும், பலகைமேல் டைல் ஒட்டி ஏமாற்ற விடாதீர்கள். 8 அங்குலம் பலகையை அறுத்தெடுக்க வேண்டும், அடியில் மரம் தங்கக் கூடாது, கல்லோ காங்கிரீட்டோ 2 அங்குலக் கனமாவது வேண்டும். கட்டை உருண்டு விழுந்தால்தான் ஆபத்து என்றில்லை. நாள்பட்ட சூட்டில் காய்ந்த மரம் அப்புறம் குறைந்த சூட்டுக்கே பற்றிக்கொள்ளும்.

காட்பாடியிலிருந்து:
சரி, நேரமாகிவிட்டது. 'கணப்பு முன்தளம்' என்றே அனுப்பிவிட்டேன், மூன்று பேர் ஒப்பினார்கள். மேஸ்திரி தாளை வாங்கி ஒருமுறை படித்தார், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் கோடு இழுத்தார், ஓரத்தில் 'கல்லு 20' என்று எழுதிக்கொண்டார்.

குடியாத்தத்திலிருந்து:
பக்கவாட்டு 12 அங்குலமும் உங்களுக்கு 'முன்'தளமா? கரை என்றால் மூன்று பக்கமும் வந்துவிடும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மேஸ்திரி பக்கத்துக்குக் கோடு போட்டாரா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.