உதவி தேவை: வேகம் குறைக்கும்போது ஹேண்டில் ஆடுது

தொடுவானம்:
80ல போய்ட்டு ஆக்சிலரேட்டரை விட்டா ஹேண்டில் பயங்கரமா ஆடுது. டயர் புதுசு. நாளைக்கு லாங் ரைடு. சீக்கிரம் சொல்லுங்க.

நிழல்:
என்ன வண்டி? ரெண்டு டயருமே புதுசா? காத்து எவ்வளவு? பின்னாடி பாக்ஸ் உண்டா?

கியர்மாமா:
ஒண்ணும் சொல்லாம "ஆடுது"ன்னா எப்படி தம்பி? வாராவாரம் இதே கேள்வி. ஹேண்டில் மட்டும் படபடன்னு உதறினா வாபிள். மொத்த வண்டியும் பாம்பு மாதிரி மெதுவா நெளிஞ்சா வீவ், அது அதிக வேகத்துல வரும். ரெண்டுக்கும் காரணம் வேற. இதுல எது?

மழைச்சாலை:
காத்துதான் பிரச்சினை. நைட்ரஜன் போடுங்க, சரியாயிடும்.

நிழல்:
சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கு. அளவு சரியா இருக்கணும், அவ்வளவுதான். டயர் சூடாகறதுக்கு முன்னாடி செக் பண்ணணும்.

மழைச்சாலை:
அப்புறம் ரேஸ்ல ஏன் போடறாங்க?

கியர்மாமா:
அதுல ஈரப்பதம் இல்ல. டயர் சூடானா அழுத்தம் எவ்வளவு ஏறும்னு முன்கூட்டியே கணக்குப் போடலாம். இவர் கேட்டதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தொடுவானம்:
150 சிசி பைக். ஹேண்டில் மட்டும்தான், பிடியைத் தளர்த்தினா வருது. பின் டயர்தான் புதுசு, ஒரு சைஸ் அகலமா போட்டேன். முன் டயர் பழசு. பாக்ஸ் ஃபுல்.

செயின்லூப்:
முதல்ல கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பற இடத்துல உள்ள பேரிங்கைப் பாருங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருத்தரைப் பின்னாடி அழுத்தச் சொல்லுங்க. முன் சக்கரம் தூக்கினதும் அதைத் தாங்கற ஃபோர்க்கோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'டொக்'னு கையில தட்டினா லூஸ். அடுத்து ஹேண்டிலை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல மாட்டி நின்னா, பேரிங் குண்டு உருளற தடத்துல பள்ளம் விழுந்திருக்கு. அதை இறுக்கிப் பிரயோஜனமில்ல, செட்டையே மாத்தணும். சும்மா லூஸ்னா இறுக்கலாம், ஆனா ஓவரா இறுக்கினா மெதுவா போகும்போது வண்டி நேரா நிக்காது.

நிழல்:
முன் டயர்ல விரலை வெச்சுத் தடவுங்க. மேடு பள்ளமா தட்டுப்பட்டா அதுவே உதறலைக் கிளப்பும். பாக்ஸ் எடையும் சேர்ந்தா முன் சக்கரத்துல பாரம் குறைஞ்சிடும். கனமான சாமானை டேங்க் பேக்ல, அதாவது பெட்ரோல் டேங்க் மேல மாட்டற பையில வைங்க.

மழைச்சாலை:
ஹேண்டில் உதறலை அடக்கற ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினா முடிஞ்சது.

செயின்லூப்:
காரணத்தைச் சரி பண்ணாம டேம்பர் மாட்டினா கோளாறு வெளிய தெரியாது, அவ்வளவுதான். தேஞ்ச பேரிங் தேஞ்சுகிட்டே இருக்கும்.

கியர்மாமா:
அகல டயர் அழகுக்குத்தான். ரிம் குறுகலா இருந்தா டயரோட ஓரம் உள்ள இழுத்துக்கிட்டு வடிவமே மாறிடும். வண்டியைச் சாய்க்கறப்போ தெரியும். கம்பெனி சொன்ன சைஸையே போடுங்கன்னு கத்தறேன், யார் கேக்கறா?

டார்க்ரசிகன்:
நானும் அகல டயர்தான் ஓட்டறேன். ஒரு பிரச்சினையும் இல்ல.

கியர்மாமா:
ரிம் அகலம் எவ்வளவுன்னு அளந்து பாத்தீங்களா?

டார்க்ரசிகன்:
டயர் மாட்டினவர் செட் ஆகும்னார்.

கியர்மாமா:
உள்ள போயிடுச்சுன்னா செட் ஆயிடுச்சுன்னு அர்த்தமில்ல. டயர் கம்பெனி அந்த சைஸுக்கு எந்த ரிம் அகலம்னு சொல்லுது, அதைப் பாருங்க.

தொடுவானம்:
கோன் செட் லூஸ். இறுக்கியாச்சு. பாக்ஸையும் கழட்டிட்டேன். உதறல் நல்லா குறைஞ்சிருக்கு. நன்றி எல்லாருக்கும்.

செயின்லூப்:
குறைஞ்சிருக்கா, நின்னுடுச்சா? முன் டயர்ல என்ன பாத்தீங்க? பதில் போட்டுட்டுக் கிளம்புங்க.