எஸ்.ஆர். மாத்திரை மலத்தில் அப்படியே வந்துவிட்டது, மருந்து உடம்பில் சேர்ந்திருக்குமா?

கேள்வி:
அம்மாவுக்குச் சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் 500 மி.கி. எஸ்.ஆர். (மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும்) மாத்திரை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. நேற்றுக் காலை மலத்தில் வெள்ளையாக, மெத்தென்று மாத்திரை கிடந்ததாம். "மருந்தே சேரலடா, இனிமே பொடிச்சுக் குடு" என்கிறார். பொடிக்கலாமா?

பதில் 1:
பொடிக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பார்த்தது பெரும்பாலும் மருந்து போன பிறகு மிஞ்சிய கூடு.

மாத்திரை தயாரிப்பு ஆய்வகத்தில் பல வருடம் இதே வேலைதான் செய்தேன். இந்த மாத்திரைகள் பலவற்றில் மருந்தோடு ஹெச்.பி.எம்.சி. என்ற பாலிமரை (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) கலந்து அழுத்தியிருப்பார்கள். தாவர நார்ப்பொருளான செல்லுலோஸிலிருந்து செய்வது. காய்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும், தண்ணீர் பட்டதும் அதன் சங்கிலிகள் தளர்ந்து ஊதி, மாத்திரையைச் சுற்றி ஜெல்லாகப் படியும். மாத்திரை எப்படிக் கரைகிறது என்று பார்க்கும் சோதனையில் ஒருமுறை, உடல் சூடான 37 டிகிரியில் 900 மி.லி. நீரில் துடுப்பு சுழல, இரண்டு மணி நேரம் ஊறிய மாத்திரை ஒன்றை எடுத்து பிளேடால் குறுக்கே வெட்டினேன். வெளியே விரலில் வழுக்கும் கண்ணாடி போன்ற ஜெல். நடுவில் இன்னும் நனையாத வெள்ளைப் பொடி! அன்றைக்குத்தான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

மருந்து கரைந்து அந்த ஜெல்லுக்குள் ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். நேரம் ஆக ஆக, வர வேண்டிய தூரம் கூடும். அதனால் ஆரம்பத்தில் வேகம், அப்புறம் மந்தம். இதை 1961-இல் ஹிகுச்சி என்ற மருந்தியல் விஞ்ஞானி கணக்காக்கினார்: வெளியேறும் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். முதல் ஒரு மணியில் வந்ததைப் போல இரண்டு மடங்கு வர நான்கு மணி நேரம் ஆகும். எல்லா மாத்திரையும் அச்சு அசலாக இப்படி நடக்காது, ஜெல்லின் வெளிப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மெட்ஃபார்மின் நன்றாகக் கரையும் மருந்து, அதனால் பெரும்பகுதி ஊர்ந்தே போய்விடும். பாலிமர்தான் பின்தங்கும். ஹெச்.பி.எம்.சி.யில் கே100எம் என்ற ரகத்தை 2 சதவீதம் தண்ணீரில் கரைத்தால் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு பிசுபிசுப்பு. அது லேசில் கரையாது, மிச்சம் மலத்தோடு வரும்.

பொடித்தால் இந்தச் சுவரே கிடையாது. பல மணி நேரத்துக்கு உரிய மருந்து ஒரேயடியாக இறங்கும். மெட்ஃபார்மினுக்கு வயிற்றுப் பிரட்டல் வரலாம். சில வலி மருந்துகளில் உயிருக்கே ஆபத்து.

பதில் 2:
மருந்தகத்தில் இருக்கிறேன். வீட்டுச் சர்க்கரை அளவு முன்பு போலவே இருந்தால் பயப்பட வேண்டாம். மாத்திரை கெட்டியாக, ஊறாமல் வந்தாலோ, வயிற்றுப்போக்கு இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கச் சிரமம் என்றால் சாதாரண மாத்திரையோ திரவமோ எழுதித் தருவார்.

கேட்டவர்:
நன்றி. வெறும்வயிற்றில் 118, மாறவில்லை. அம்மாவிடம் கூடு என்று சொன்னதும் முகம் தெளிந்தது. ஏன் சாப்பாட்டுக்குப் பின் என்கிறார்கள்?

பதில் 1:
மெட்ஃபார்மின் சிறுகுடலின் மேல்பகுதியில்தான் அதிகம் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஊறிய மாத்திரை அங்கேயே கூடுதல் நேரம் தங்கி, மருந்தை மெல்ல மெல்லக் கீழே அனுப்பும். வெறும்வயிறு என்றால் சீக்கிரம் தள்ளிவிடும். அம்மா இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.