ரெட்டிச்சாவடியில் கணக்கு மறந்த காலை

கடலூர் சில்வர் பீச்சிலிருந்து புதுச்சேரிப் பக்கம் நோணாங்குப்பம் போய்த் திரும்புவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால்தான் வெயில் ஏறுமுன் வீடு சேரலாம். அன்றைக்கு முந்தின ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. காலையிலும் வெறும் வயிறு.

திரும்பும்போது ரெட்டிச்சாவடி, 24ஆவது கிலோமீட்டர். கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. டீக்கடையில் கடலை மிட்டாய்க்கு இருபது ரூபாயை நீட்டினேன். மீதி எவ்வளவு என்று தெரியவில்லை. உள்ளங்கையில் விழுந்த சில்லறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "உக்காரு தம்பி, மூஞ்சே செத்துப்போச்சு" என்று கடைக்கார அம்மா பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

முதல் கடியிலேயே தெம்பு வந்துவிட்டது. இனிப்பு ரத்தத்தில் சேரப் பல நிமிடம் ஆகுமே, இது எப்படி? பிறகு படித்தேன். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் சைக்கிள் வீரர்கள் மாவுச்சத்துக் கரைசலை வாய் கொப்பளித்துத் துப்பினார்கள், விழுங்கவே இல்லை. அப்படியும் சுமார் ஒரு மணி நேரச் சோதனையை முன்னைவிடச் சீக்கிரம் முடித்தார்கள். நாக்கிலிருந்து சேதி போனதும் மூளை பிடித்திருந்த பிரேக்கைத் தளர்த்துகிறது.

தளர்த்தியது பிரேக்தான், தொட்டி நிறையவில்லை. தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்துவைக்கும் சர்க்கரை இருப்பான கிளைகோஜன் ஏறக்குறைய 2000 கலோரி. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கலோரி செலவு. நான் 70 கிலோ, 24 கிலோமீட்டருக்கே சுமார் 1680 கலோரி ஆகிவிடும். கொழுப்பும் கைகொடுக்கும், வேகம் கூடக்கூட அதன் பங்கு குறைந்துவிடும். பெண்ணையாற்றுப் பாலம் வரை நடந்தேதான் வந்தேன். இப்போதெல்லாம் இடுப்புப் பையில் பேரீச்சம்பழம் இல்லாமல் கிளம்புவதில்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்து, பசிக்குமுன்னே வாயில் போட்டுக்கொள்கிறேன்.

பதில் (புதுச்சேரி)

அண்ணா, நீங்கள் சொன்ன அதே இனிப்பு என்னை மாட்டிவிட்டது. மே மாதம், கடற்கரைச் சாலை. ஆரம்பத்தில் 150 இருந்த இதயத் துடிப்பு ஒரு மணி நேரத்தில் 172. வேகம் கூட்டவே இல்லை. காற்றில் அவ்வளவு ஈரப்பதம், வேர்வை காயாமல் ஷூவுக்குள் இறங்கி சளக் சளக் என்றது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? தோலுக்கும் ரத்தம் வேண்டும், காலுக்கும் வேண்டும், இதயம்தான் ஓடி ஓடி ஈடுகட்டியது. சக்கரை குறைந்துவிட்டதாக நினைத்து மிட்டாயை வாயில் போட்டேன், தெம்பும் வந்தது. டூப்ளே சிலைப் பக்கம் வந்தபோது, அந்த வெக்கையில் இரண்டு கையும் புல்லரித்தது. நல்லவேளை, கூட ஓடிய அக்கா பார்த்துவிட்டு நிழலுக்கு இழுத்துப் போய்க் கழுத்திலும் தலையிலும் தண்ணீர் ஊற்றி விசிறினார்.

மறு பதில் (கடலூர்)

தங்கச்சி, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வெக்கையில் புல்லரிப்பு, தடுமாற்றம், பேச்சுக் குளறல் வந்தால் அது உடம்பு அளவுக்கு மீறிச் சூடேறியதன் அடையாளமாக இருக்கலாம், மிட்டாயைத் தேடாதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி, உடம்பைக் குளிரவையுங்கள். பேச்சு தெளியாவிட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.